லாரி டிரைவர் கண்ணுக்குத் தெரியாத குழந்தை

லாரி பெரியது. அதன் முன்கண்ணாடியும் பெரியது. பின்னால் வருவதைப் பார்க்கப் பக்கத்துக்கு ஒரு கண்ணாடி வேறு இருக்கிறது. அப்படி இருந்தும், லாரியின் முகத்தை ஒட்டி நிற்கும் ஐந்து வயதுக் குழந்தை டிரைவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை!

இது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"எனக்கு லாரி தெரிகிறது. ஆகவே லாரிக்காரருக்கும் நான் தெரிவேன்." குழந்தையின் கணக்கு இதுதான். இந்தக் கணக்கு தப்பு என்று யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் அதற்குத் தெரியும்.

சென்னை வளசரவாக்கம் பகுதியில் 2022-ம் ஆண்டு மார்ச் மாதம் நடந்ததை மறக்க முடியாது. இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் காலையில் பள்ளிக்கூட வேனில் வந்து இறங்கினான். பள்ளிக்கூடத்தின் வளாகத்துக்கு உள்ளேயே, அதே வேனில் அடிபட்டு இறந்தான். நடுரோட்டில் அல்ல, பெற்றோர் பத்திரமான இடம் என்று நம்பிய இடத்தில்!

அதற்குப் பிறகு அரசாங்கம் விதியைத் திருத்தியது. பள்ளிக்கூட வண்டிகளில் முன்னாலும் பின்னாலும் காமிரா வைக்க வேண்டும், வண்டிக்கு அருகில் ஆள் இருந்தால் எச்சரிக்கும் கருவியும் வைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. நல்ல உத்தரவுதான். ஆனால் ஊரில் ஓடும் லாரி, டிராக்டர் எல்லாவற்றிலும் காமிரா இருக்கிறதா?

சிவப்பு விளக்கு இல்லாத ரோடு

"சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ." சாலைப் பாதுகாப்பு என்றதும் குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். சேலம் நகரத்துக் குழந்தைக்கு அது உதவும். பனமரத்துப்பட்டிக் குழந்தைக்கு?

சேலத்துக்குத் தெற்கே, ஜருகுமலை அடிவாரத்தில் இருக்கிறது பனமரத்துப்பட்டி. ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிதண்ணீர் தந்த ஏரி இந்த ஊருடையது. இப்போது அரளிப் பூவுக்குப் பெயர் போன வட்டாரம். சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் பனமரத்துப்பட்டிப் பிரிவு என்ற இடத்தில் ஊருக்கான ரோடு பிரிகிறது. அந்த நெடுஞ்சாலை சாமானியமானது அல்ல. ஸ்ரீநகரில் கிளம்பிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை!

இங்கே பிள்ளைகள் தினம் பார்ப்பது சிக்னல் விளக்கை அல்ல, வண்டிகளைத்தான். ஆகவே பாடத்தை வண்டிகளிலிருந்து தொடங்குவதே பொருத்தம். ரோட்டில் யார் யார் வருகிறார்கள்? அவர்களுக்கு எது தெரியும்? எது தெரியாது?

விடிவதற்கு முன்பே பூ மூட்டையைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் சேலத்துப் பூ மார்க்கெட்டுக்குப் பறக்கிறது. அந்த மூட்டை ஓட்டுகிறவருக்குப் பின்பக்கத்தையே மறைத்துவிடும். அவர் அவசரமாகத் திரும்பும்போது பின்னால் நடந்து வரும் பிள்ளையைக் கவனிக்க வழி இல்லை.

மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர் மெதுவாகத்தான் வரும். மெதுவாக வருகிறதே என்று குழந்தைக்குப் பயம் போய்விடும். வளைவில் டிராக்டர் திரும்பியதும், பின்னால் இழுபடும் பெட்டி அதே தடத்தில் வராது. உள்பக்கமாக ஒதுங்கி ஓரத்தை உரசிக்கொண்டு வரும். ஓரத்தில் நிற்கிறோம் என்று நம்பி நிற்கிற குழந்தைக்கு அங்கேதான் ஆபத்து.

பஸ் நின்றதும் இறங்கி, அதன் முன்னாலேயே குறுக்கே ஓடுவது பிள்ளைகளின் வழக்கம். பஸ்ஸை முந்திக்கொண்டு வருகிற வண்டிக்காரருக்குப் பிள்ளை தெரியாது. பிள்ளைக்கும் வண்டி தெரியாது. பஸ் கிளம்பிப் போகும்வரை ஓரத்தில் நிற்கப் பழக்க வேண்டும்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: பேட்டரியில் ஓடும் ஸ்கூட்டர். சத்தமே இல்லை! சத்தத்தைக் கேட்டு ஒதுங்கிப் பழகிய பிள்ளை இதில் ஏமாந்துவிடும். "காதை மட்டும் நம்பாதே, திரும்பிப் பார்" என்று புதிதாகச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

லாரி வீட்டுப் பாடம்

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி எல்லாம் லாரிக்குப் பெயர் பெற்ற ஊர்கள். இந்த வட்டாரத்தில் அப்பாவோ மாமாவோ லாரி ஓட்டும் வீடுகள் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒரு பள்ளிக்கூடம் உண்டு. நிறுத்தி வைத்த லாரிதான் அது!

லாரியைச் சமதளத்தில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட வேண்டும். பிள்ளையை டிரைவர் ஸீட்டில் அப்பா தன் மடியில் உட்கார்த்திக்கொள்ளட்டும். தம்பியையோ தங்கையையோ அம்மா கையில் பிடித்துக்கொண்டு, லாரிக்கு முன்னால் ஒட்டினாற்போல் நிற்கட்டும். "தம்பி எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவின் தலை தெரியும். தம்பி தெரிய மாட்டான். பிறகு இருவரும் பின்னோக்கி நகரட்டும். எத்தனை அடி போன பிறகு தம்பியின் முகம் தெரிகிறது என்று பிள்ளையே எண்ணட்டும். இடது பக்கக் கதவின் ஓரத்திலும் இதையே செய்து பார்க்கலாம்.

நூறு தடவை "ஜாக்கிரதை" என்று சொல்வதைவிட இந்த ஐந்து நிமிஷம் மனசில் பதியும்.

அணில் சொன்ன கதை

மற்ற நாடுகளிலும் இந்தக் கவலை பழையதுதான். இங்கிலாந்தில் 1953-ல் எல்ஸி மில்ஸ் என்ற அம்மையார் 'டஃப்டி' என்ற அணில் குட்டியை உண்டாக்கி, அதன் கதைகள் மூலம் சின்னக் குழந்தைகளுக்கு ரோட்டைப் பற்றிச் சொன்னார். 1961-ல் டஃப்டி சங்கமே தோன்றியது. லட்சக்கணக்கான குழந்தைகள் அதில் சேர்ந்தார்கள்.

நம் ஊர் அணில் ரோட்டைக் கடக்கும் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். பாதி தூரம் ஓடும். திகைத்து நிற்கும். பிறகு வந்த வழியே திரும்பி ஓடும். வேடிக்கை என்னவென்றால், பயந்துபோன குழந்தையும் அப்படியேதான் செய்கிறது!

ஏன்? குழந்தையின் கண் வேகத்தை அளக்கப் பழகவில்லை. லண்டன் பல்கலைக் கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் இதைச் சோதனை செய்து வெளியிட்டார்கள். மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் வேகமாக வரும் வண்டியின் வேகத்தை ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளால் சரியாக அறிய முடியாமல் போகலாம் என்று கண்டார்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். "தூரத்தில்தானே வருகிறது" என்று குழந்தை காலை எடுத்து வைப்பதற்குள் வண்டி வந்துவிடுகிறது.

சுவீடன் நாட்டு மனோதத்துவ அறிஞர் ஸ்டீனா ஸாண்டல்ஸ் 1968-லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். சின்னக் குழந்தையைப் போக்குவரத்துக்கு ஏற்றபடி முழுக்க மாற்ற முடியாது; போக்குவரத்துத்தான் குழந்தைக்கு ஏற்றபடி மாற வேண்டும் என்பது அவர் முடிவு. ஆகவே, "எத்தனை முறை சொன்னேன், கேட்டாயா?" என்று அடிபட்ட பிள்ளையையே திட்டுவது நியாயம் ஆகாது.

பெரியவர்களுக்கும் பாடம் உண்டு

இந்தியாவில் 2022-ம் ஆண்டில் மட்டும் ரோடு விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள்!

சிறு குழந்தையைப் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார வைத்து ஓட்டுவதை இன்றும் பார்க்கிறோம். அப்பா தலையில் ஹெல்மெட்; பிள்ளை தலையில் ஒன்றும் இல்லை. நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் வேண்டும் என்கிறது சட்டம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தையை ஏற்றினால், ஓட்டுகிறவரோடு சேர்த்துப் பிணைக்கும் பட்டையும், ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த விதி 2023 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறது.

நடத்திக் கூட்டிப் போகும்போது பிள்ளையின் விரலைப் பிடித்தால் போதாது, உருவிக்கொண்டு ஓடிவிடும். மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். ரோட்டுப் பக்கம் பெரியவர், உள்பக்கம் பிள்ளை. நடைபாதை இல்லாத இடத்தில் வலது ஓரமாக நடந்தால், எதிரே வரும் வண்டி கண்ணில் படும். முதுகுக்குப் பின்னால் வருவதை யார் பார்க்க முடியும்?

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் பல பெற்றோர்கள் பிள்ளைக்கு வழி காட்டுகிறார்கள். ஆனால் அதற்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்போது ரோடு காலியாக இருக்கும்! பிள்ளை நடக்கப் போவது வேலை நாள் காலை ஒன்பது மணிக்கும், சாயங்காலம் நாலு மணிக்கும். பஸ், டிராக்டர், லாரி எல்லாம் ஓடுகிற அந்த நேரத்தில் கூட நடந்து, எந்த மரத்தடியில் நிற்பது, எந்த இடத்தில் கடப்பது என்று காட்ட வேண்டும். ஒரு நாள் போதாது. ஒரு வாரம் பெரியவர் வழி காட்டட்டும். அடுத்த வாரம் பிள்ளை வழி காட்ட, பெரியவர் கூட நடக்கட்டும்.