துடைக்காத பலகை

நாமக்கல் பக்கம் முட்டைக் கடை வாசலில் அன்றைய விலையைச் சாக்பீஸால் எழுதிவைத்த பலகையைப் பார்த்திருப்பீர்கள். நேற்றைய விலையை யாரும் மெனக்கெட்டு அழிப்பதில்லை. புது விலை எழுதும்போதுதான் ஈரத்துணியைத் தேடுவார்கள். அதுவரை பழையது அப்படியே நிற்கும்.

கணினியின் நினைவகமும் அப்படித்தான். நீங்கள் தட்டிய கடவுச்சொல்லைச் சரிபார்த்து முடித்ததும், நிரல் அந்த இடத்தை விட்டுவிடுகிறது. விடுவது வேறு, அழிப்பது வேறு. ‘இந்த இடம் காலி’ என்று கணக்கில் குறிக்கிறது, அவ்வளவுதான். வேறொன்று மேலே எழுதப்படும்வரை எழுத்துகள் அங்கேயே கிடக்கும்.

கிடந்தால் என்ன ஆகும் என்பதை 2014 ஏப்ரலில் வெளியே தெரிந்த ‘ஹார்ட்பிளீட்’ பிழை காட்டியது. இணையத் தகவலைப் பூட்டி அனுப்பும் ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ மென்பொருளில் அது இரண்டு ஆண்டுகளாக ஒளிந்திருந்தது. சின்னச் சொல் ஒன்றை அனுப்பி, அதன் நீளத்தை மட்டும் கூட்டிச் சொல்லி, ‘திருப்பி அனுப்பு’ என்று கேட்டால் போதும். சர்வர் அளந்து பார்க்காமல், பக்கத்தில் கிடந்ததையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தது, ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை. கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும்கூட அதில் வரக்கூடும்.

சரி, அழித்துவிடலாம் என்று சி மொழி நிரலர் ‘மெம்செட்’ கட்டளையால் அந்த இடத்தைச் சுழியங்களால் நிரப்புகிறார். ஆனால் நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் கெட்டிக்காரக் கடைப் பையன். கடை சாத்தும் நேரத்தில் “பலகையைத் துடைத்துவிடு” என்கிறார் முதலாளி. ‘இனி யார் பார்க்கப்போகிறார்கள்?’ என்று பையன் துணியைத் தொடாமலே ஷட்டரை இறக்குகிறான். அழித்த இடத்தை நிரல் மறுபடி படிக்காது என்று கண்டால், கம்பைலரும் அழிக்கும் கட்டளையையே வேகத்துக்காக நீக்கிவிடலாம். மொழியின் விதிப்படி அது தவறும் அல்ல. அதனால்தான் தட்டிக்கழிக்க முடியாத ‘மெம்செட்_எக்ஸ்பிளிசிட்’ என்ற கட்டளையை சி மொழியின் 2023 தரத்தில் சேர்த்தார்கள்.

மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் போய்விடும் என்பதும் பாதி உண்மைதான். ரேம் எனும் இந்த நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். சேலத்து வெயிலில் அது சட்டென வடியும். குளிரில் தயங்கித் தயங்கி வடியும். 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் தூசி ஊதும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துப் பீய்ச்சி, ரேமை மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். மின்சாரம் இல்லாமல் 10 நிமிடம் கழிந்தும் 99 சதவீதத்துக்கு மேல் தகவல் அழியாமல் இருந்தது.

சேலத்திலும் நாமக்கல்லிலும் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ரகசியத்தை வேலை முடிந்த பிறகு ஒரு நொடியும் வைத்திருக்காதீர்கள். தேவையில்லாமல் நகல் எடுக்காதீர்கள். அழிக்கச் சொன்னதோடு நிற்காமல், கம்பைலர் தந்த எந்திரக் குறியீட்டைத் திறந்து, அந்தக் கட்டளை இருக்கிறதா என்று பாருங்கள். ஷட்டரைத் தூக்கிப் பலகையைப் பார்க்கிற முதலாளியைப் பையன் ஏமாற்ற முடியாது.