திராட்சைச் சாறு: தண்ணீர், கரண்ட் செலவைக் குறைப்பது எப்படி?

தேவாரம், கம்பம் பகுதி விவசாயிகளே! கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை சரியும்போது சாறாக்கி விற்க நினைப்பவர்கள், தண்ணீர், கரண்ட் செலவை முதலில் கணக்கிடுங்கள்.

பாட்டில் சூடாக்கும் தொட்டியில் 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 6 யூனிட் ஆகும். பாட்டில்களை ஆற்றிய வெந்நீரை 50 டிகிரியிலேயே மீண்டும் தொட்டியில் விட்டால் 3.5 யூனிட் போதும்.

பழத்தைக் கடைசியாக அலசிய நீரை, அடுத்த பழத்தின் முதல் அலசலுக்குப் பயன்படுத்துங்கள். சேலம், நாமக்கல் சேகோ ஆலைகள் கழிவுநீரிலிருந்தே எரிவாயு எடுக்கின்றன. நீங்களும் சாறு கலந்த கழுவுநீரை வடிகட்டி, சாண எரிவாயுக் கலனில் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். பிளீச்சிங் பவுடர், காஸ்டிக் சோடா கலந்த நீரைச் சேர்க்கக் கூடாது. வாயு தரும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். புளித்த நீரை நேரடியாகப் பயிரின் வேரில் விடாதீர்கள்.