இறால் குளத்தில் மீனுக்கு என்ன வேலை?

வேலை ஓய்வுக்குப் பின் என்ன தொழில் செய்யலாம் என்று எங்கள் அரங்கத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, கிள்ளானிலிருந்து வந்திருந்த அன்பர் ஒருவர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். "சேமநிதிப் பணம் கைக்கு வந்திருக்கிறது. இறால் குளம் எடுக்கலாம் என்கிறார் நண்பர். அதிலேயே திலாப்பியாவையும் விட்டால் இரட்டை லாபமாம். நம்பலாமா?" என்றார். நிகழ்ச்சி முடிய 2 நிமிடமே இருந்தது. அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. எங்கள் தாய்மாமா 2011-இல் இரண்டு கூட்டாளிகளோடு பேராக் கடலோரத்தில் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்தார். இறால் குஞ்சு விட்ட 25-ஆம் நாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால், கரையோரமெல்லாம் செத்துக் கிடந்தன. தீவனக் கடன் மட்டும் சாகவில்லை. அதை அடைக்க மாமாவுக்கு 4 ஆண்டுகள் ஆயின.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சீனாவில் 2009-இல் தலைகாட்டி, 2010-இல் வியட்நாமை அடித்து, 2011-இல் மலேசியாவுக்குள்ளும் வந்துவிட்ட நோய் அது. குஞ்சு விட்ட முதல் மாதத்திலேயே கொன்றுவிடுவதால் அதற்கு 'இளம் இறப்பு நோய்' என்று பெயர் வைத்தார்கள். காரணம் 2013-இல்தான் தெரிந்தது. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னர் தலைமையிலான குழு, கடல்நீரில் சாதாரணமாக இருக்கும் விப்ரியோ என்ற பாக்டீரியாவில் ஒரு வகை நஞ்சைச் சுரந்து, இறாலின் செரிமான உறுப்பைச் சிதைத்துவிடுவதைக் கண்டுபிடித்தது.

சரி, இதில் மீன் எங்கே வந்தது?

இறால் குளத்துக்காரர் செய்யும் முதல் வேலையே மீனைக் கொல்வதுதான்! தேயிலை விதைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் குளத்தில் தெளிப்பார்கள். அதிலுள்ள சப்போனின் என்ற பொருள் மீனின் செவுள் வழியாகப் போய்ச் சிவப்பு இரத்த அணுக்களை உடைத்துவிடும். இறாலுக்கு அப்படிப்பட்ட இரத்தம் கிடையாது. அதற்குச் செம்பு கலந்த நீல இரத்தம். ஆகவே மீன் சாகும், இறால் தப்பிக்கும். ஓட்டைக் கழற்றி மென்மையாகக் கிடக்கும் நேரத்தில் இறாலைக் கொத்தித் தின்ன மீன் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

அப்படி விரட்டிய மீனை மறுபடியும் அழைத்து வந்தது பிலிப்பைன்ஸ் நாட்டு விவசாயிகள். 1990-களில் அங்கே நெக்ரோஸ் தீவுக் குளங்களில் ஒளிரும் விப்ரியோ பெருகி, இரவில் தண்ணீரே மினுமினுத்ததாம். பார்க்க அழகு, விடிந்தால் இறால் இருக்காது. மருந்து கொட்டிப் பார்த்தும் பலனில்லை. பிறகு, திலாப்பியா வளர்ந்த குளத்து நீரை இறால் குளத்துக்குப் பாய்ச்சிப் பார்த்தார்கள். ஒளிரும் கிருமி அடங்கியது. பக்கத்துத் தீவான பனாயில், இலோய்லோவுக்கு அருகே தென்கிழக்காசிய மீன்வள மேம்பாட்டு மையத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. ஏன் இப்படி என்று ஆராய்ந்தபோது, திலாப்பியாவின் உடல் வழவழப்பும், அதன் கழிவை உரமாகக் கொண்டு வளரும் பச்சைப் பாசியும், அந்த நீரில் பெருகும் நல்ல பாக்டீரியாவும் ஒளிரும் விப்ரியோவைத் தலைதூக்க விடுவதில்லை என்று தெரியவந்தது. 'பச்சை நீர் முறை' என்று இதற்குப் பெயர்.

கவனியுங்கள், அங்கே மீன் வந்தது லாபத்துக்காக அல்ல, காவலுக்காக. அந்த நண்பர் சொன்ன 'இரட்டை லாபம்' என்ற பேச்சு இங்கேதான் தடம் மாறுகிறது. திலாப்பியாவின் விலை இறால் விலையில் ஒரு சிறு பங்குதான். மீனையும் இறாலையும் சும்மா ஒன்றாக அவிழ்த்துவிட்டால், விலையுயர்ந்த இறால் தீவனத்தை முதலில் தின்று முடிப்பது மீன். 6 காசு வருமானத்துக்கு 10 காசு தீவனம் போட்ட கதைதான். அதோடு ஒரே தண்ணீரில் மூச்சுவிடும் வாய்களும் கூடுகின்றன. இரவெல்லாம் பாசியும் சேர்ந்து உயிர்வளியை இழுப்பதால், விடியும் முன்புதான் தண்ணீரில் அது ஆகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் துடுப்புச் சக்கரம் நின்றுபோனால், முதலில் விழுவது இறால். திலாப்பியா மேலே வந்து வாயைப் பிளந்து சமாளித்துக்கொள்ளும்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மீனை வலைக்கூண்டில் அடைத்து, கழிவு சேரும் நடுக்குளத்தில் வைக்கிறார்கள். அல்லது நீர்தேக்கும் தனிக் குளத்தில் விட்டு, அந்த நீரை மட்டும் இறாலுக்குக் கொடுக்கிறார்கள்.

எந்த மீன் என்பதும் முக்கியம். "சியாக்காப்புக்கு நல்ல விலையாச்சே!" என்று ஒருவர் அரங்கத்திலேயே கேட்டார். தமிழ்நாட்டில் கொடுவா என்று சொல்லும் அந்த மீனுக்கு இறால்தான் விருந்து. கூண்டு கிழிந்தால் கணக்கு முடிந்தது. தமிழ்நாட்டுக்காரர்கள் ஜிலேபிக் கெண்டை என்று சொல்லும் திலாப்பியா பாசியும் கழிவும் தின்னும். ஆண் குஞ்சுகளாகவே வாங்கினால் குட்டி போட்டுக் குளத்தை நிரப்பாது. இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் உவர்நீர்க் குளங்களில், பண்டேங் எனப்படும் பால் கெண்டையையும் கறுப்புப் புலி இறாலையும் பல தலைமுறைகளாகச் சேர்த்து வளர்க்கிறார்கள். அங்கே நெருக்கம் குறைவு, தீவனமும் குறைவு. இறால் போனாலும் மீன் மிஞ்சும். பெரிய பணம் வராது, ஆனால் வீடு ஏலத்துக்கும் போகாது.

பிரிக்பீல்ட்ஸ், பூச்சோங் பக்கம் இருப்பவர்கள், "எங்களுக்குக் கடல்நீர் ஏது?" என்று கேட்கலாம். அவர்களுக்கு உடாங் காலா இருக்கிறது. தோட்டத்து ஆற்றில் ராத்திரி விளக்கு வைத்துப் பிடித்த அதே நீண்ட கொடுக்கு இறால். அதைக் குளத்தில் வளர்க்கும் வழியை உலகுக்குக் காட்டியதே நம் நாடுதான் என்பது பலருக்குத் தெரியாது. 1961-இல் பினாங்கு குளுகோர் ஆய்வு நிலையத்தில், ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் நிபுணர் ஷாவ்-வென் லிங், இந்த நன்னீர் இறாலின் குஞ்சு பிழைக்கச் சற்று உப்பு கலந்த நீர் வேண்டும் என்பதைக் கண்டறிந்தார். தாய் இறால் ஆற்று முகத்துவாரத்துக்குப் போய்க் குஞ்சு பொரிப்பது அதனால்தான். 1965-இல் இங்கிருந்து ஹவாய்க்குப் போன தாய் இறால்களைக் கொண்டு தக்குஜி புஜிமூரா பெருமளவில் குஞ்சு உற்பத்தி செய்ய, அது உலகமெல்லாம் பரவியது.

உடாங் காலா அடியில் மேயும், திலாப்பியா நடுநீரில் மேயும். மிதக்கும் தீவனத்தை மீன் தின்னட்டும். சிந்தியதும் கழிவில் வளரும் புழுவும் இறாலுக்குப் போதும் என்றே பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் உடாங் காலா ஒன்றையொன்று தின்னும், தனக்கென்று இடம் பிடிக்கும். ஆகவே நெருக்கமாக விட முடியாது. கெலியும் ஹாருவானும் குளத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஈயக் குட்டை மலிவாகக் கிடைக்கிறதென்றால், முதலில் அதன் நீரையும் சேற்றையும் உலோகங்களுக்குச் சோதித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். நிலமும் நீரும் மாநில அரசின் கையில் என்பதால், அனுமதி யார் பெயரில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

கிள்ளான் அன்பருக்கு என் பதில்: சேமநிதியில் மொத்தத்தையும் போடாதீர்கள். ஓராண்டு வேறொருவர் குளத்தில் விடியற்காலை வேலைக்குப் போய்ப் பாருங்கள். பிறகு ஒரே ஒரு குளம். "முதலீடு மட்டும் கொடுங்கள், மாதாமாதம் லாபம் வரும்" என்று யாராவது சொன்னால், இறால் குளத்தில் மாதாமாதம் அறுவடை கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

இதை அச்சுக்கு அனுப்புமுன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கூண்டு வலையைப் பத்தி எழுதலையேம்மா?" என்றார். மீன் தலை நுழையாத கண், ஆனால் நீரோட்டம் தடைபடாத கண். வாரம் ஒருமுறை பாசியைத் தேய்த்துவிட வேண்டுமாம்.