போனில் பார்த்து 'நிமோ' மீன் வாங்கலாமா?
பணம் அனுப்பும் முன் கவனிக்க வேண்டியவை

சந்தையில் ஆடு வாங்குபவர் பல்லைப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், இரண்டடி நடக்கவிட்டுப் பார்ப்பார். அதன் பிறகுதான் விலை பேசுவார். இப்போது கிராமத்து வீடுகளுக்குக்கூடப் பார்சலில் வந்து இறங்கும் கடல் வண்ண மீன்களை அப்படிப் பார்த்து வாங்க முடிவதில்லை. போனில் படம் வருகிறது, பணம் போகிறது, மறுநாள் பேருந்து நிலையத்தில் தெர்மாகோல் பெட்டி வந்து நிற்கிறது.

பெட்டியைத் திறக்கும்போது மீன் உயிரோடுதான் இருக்கும். மூன்றாம் நாள் இரை எடுக்காது. ஐந்தாம் நாள் செத்து மிதக்கும். 'விற்றவர் ஏமாற்றிவிட்டார்' என்று வீட்டில் பேச்சு எழும். சில நேரங்களில் அது உண்மை. ஆனால், பல வீடுகளில் மீன் வருவதற்கு முன்பே தொட்டித் தண்ணீரில் தவறு நடந்திருக்கும். மீனுக்குக் கொடுத்த பணமும், தொட்டி, உப்பு, விளக்கு என்று செலவழித்த பணமும் சேர்ந்து வீணாகும்.

நன்னீர் மீன் வேறு, கடல் மீன் வேறு

சென்னை கொளத்தூரிலிருந்து வரும் கப்பி, கோல்டு ஃபிஷ், மோலி போன்றவை பெரும்பாலும் பண்ணைகளில் பிறந்து வளர்ந்த நன்னீர் மீன்கள். கிணற்றுத் தண்ணீரை ஆறவிட்டு ஊற்றினாலே அவை பிழைத்துக்கொள்ளும். கடல் மீன்களில் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறைப் பகுதிகளில் பிடிக்கப்பட்டு வருபவை. படகு, பிடித்தவர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று பல கை மாறி வருவதற்குள் மீன் பாதி தளர்ந்துவிடும்.

இதில் விதிவிலக்கு, 2003-ம் ஆண்டு வந்த 'ஃபைண்டிங் நிமோ' திரைப்படத்தால் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்துபோன கோமாளி மீன். இதைக் குஞ்சு பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்ய முடிகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்த இனங்கள் பலவற்றின் இனப்பெருக்கத் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது. இதன் மண்டபம் மையம் ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ளது. முதன்முதலாகக் கடல் மீன் வளர்ப்பவர்கள் கோமாளி மீனில் தொடங்குவதே நல்லது.

முதலில் தண்ணீர், பிறகு மீன்

நாற்று வாங்கி வந்த பிறகு வயலை உழத் தொடங்குபவர் யாரும் இல்லை. ஆனால், மீன் விஷயத்தில் அதுதான் நடக்கிறது. தொட்டியும் மீனும் ஒரே வாரத்தில் வாங்கப்படுகின்றன.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உருவாகிறது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். வயலில் யூரியா போட்ட பிறகு மண்ணில் நடக்கும் அதே வேலைதான். இந்த பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியின் வடிகட்டியில் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்கு முன் மீனை விட்டால், தன் கழிவே அதற்கு விஷமாகிவிடும்.

எனவே, மீன் இல்லாமலே தொட்டியை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு வர வேண்டும். பரிசோதனைக் கருவியில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் முதலில் ஏறி, பிறகு பூஜ்யத்துக்கு இறங்கி நின்றால்தான் தொட்டி தயார்.

உப்பு விஷயத்திலும் கவனம் தேவை. சமையல் உப்போ கல் உப்போ ஆகாது. கடல் நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்த 'மரைன் சால்ட்' வாங்க வேண்டும். 100 லிட்டருக்குச் சுமார் 3.5 கிலோ பிடிக்கும். ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.023 முதல் 1.026-க்குள் இருக்க வேண்டும். வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி செல்சியஸ்.

தொட்டியில் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு உள்ளேயே தங்கிவிடும். உவர் நீர் பாய்ச்சும் நிலத்தில் உப்பு பூப்பது போலத்தான். குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்தமான தண்ணீரை மட்டுமே ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அடர்த்தி நாளுக்கு நாள் ஏறிவிடும்.

மின்தடை உள்ள ஊர்களில் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

விதை வாங்கும்போது முளைப்புத்திறன் கேட்பது போல, பணம் அனுப்பும் முன் இவற்றைக் கேளுங்கள்.

1. பொரிப்பகத்தில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? பொரிப்பக மீன் தொட்டிக்கும் உலர் தீவனத்துக்கும் குஞ்சிலிருந்தே பழகியிருக்கும். சில நாடுகளில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் சட்டவிரோதப் பழக்கமும் உண்டு. அப்படிப் பிடிபட்ட மீன் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் சில நாள்களிலோ வாரங்களிலோ செத்துவிடலாம்.

2. உங்கள் தொட்டிக்கு வந்து எத்தனை நாள் ஆகிறது? குறைந்தது இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். 'நேற்றுதான் ஸ்டாக் வந்தது' என்றால் காத்திருப்பதே நல்லது.

3. என்ன சாப்பிடுகிறது? இதுதான் முக்கியமான கேள்வி. அனுப்பப்போகும் அதே மீன் இரை எடுப்பதை, அன்றைக்கு எடுத்த வீடியோவாகக் கேளுங்கள். இணையத்தில் எடுத்த அழகான படம் எதையும் நிரூபிக்காது.

4. உங்கள் தொட்டியின் உப்பு அடர்த்தி எவ்வளவு? பல கடைகளில் நோயைக் கட்டுப்படுத்துவதற்காக உப்பைக் குறைத்து வைத்திருப்பார்கள். இந்த எண் தெரிந்தால்தான் வீட்டில் தண்ணீரை அதற்கேற்பத் தயார் செய்ய முடியும்.

5. எந்த வழியில், எத்தனை மணி நேரத்தில் வரும்? உயிருள்ள மீனை எல்லா கூரியர் நிறுவனங்களும் ஏற்பதில்லை. இரவில் கிளம்பி விடியற்காலையில் சேரும் ஏற்பாடு நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் பகல் பயணம் வேண்டாம்.

6. இறந்து வந்தால் என்ன பொறுப்பு? பையைப் பிரிக்காமல் எத்தனை மணி நேரத்துக்குள் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், பணம் திரும்ப வருமா, வேறு மீன் வருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடியோவில் எதைப் பார்ப்பது?

மூச்சு சீராக இருக்க வேண்டும். செவுள் மூடி படபடவென்று அடிப்பது, துடுப்பை உடலோடு ஒட்டிக்கொள்வது, வயிறு ஒட்டிப்போவது, கண் மங்குவது, உடலில் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள், தோலில் சளி, பாறையில் உடலைத் தேய்ப்பது ஆகியவை நோய்க்கான அறிகுறிகள். அதே தொட்டியில் உள்ள மற்ற மீன்களையும் பாருங்கள். பக்கத்து மீனுக்கு இருக்கும் நோய் நீங்கள் வாங்கும் மீனுக்கும் வரும்.

கோமாளி மீன் இயல்பாகவே ஆடி ஆடித்தான் நீந்தும். அதை நோய் என்று நினைக்க வேண்டாம். பொரிப்பகக் குஞ்சுகள் சிலவற்றுக்கு வெள்ளைப் பட்டை முழுமையாக இருக்காது. அதுவும் நோயல்ல.

பெட்டி வந்ததும்

நல்ல விற்பனையாளர் அனுப்புவதற்கு முந்தைய நாளே இரையை நிறுத்தியிருப்பார். அது கொடுமையல்ல. வழியில் பைத் தண்ணீர் கெடாமல் இருப்பதற்கான ஏற்பாடு. ஒரு பைக்கு ஒரு மீன், இரட்டைப் பை, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்ஸிஜன் என்பது சரியான கட்டு.

பலர் தவறு செய்யும் இடம் இதற்குப் பிறகுதான். 'மெதுவாகப் பழக்க வேண்டும்' என்று பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விடுகிறார்கள். பல மணி நேரம் பயணம் செய்த மீனுக்கு இது ஆபத்து. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரின் கார அமில நிலை இறங்கியிருக்கும். அந்த நிலையில் அம்மோனியாவின் விஷத்தன்மை குறைவு. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, கார அமில நிலை ஏறும். அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா மீனைத் தாக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். விளக்கை அணைத்துவிட்டு, பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். வெப்பநிலை சமமானதும் பையைத் திறந்து, உப்பு அடர்த்தியை உடனே சரிபாருங்கள். தொட்டியின் அடர்த்தி பையில் உள்ளதைவிட அதிகமாக இருக்கக் கூடாது. குறைந்த உப்புக்குப் போவதை மீன் தாங்கும், திடீரென்று அதிக உப்புக்குப் போவதைத் தாங்காது. விற்பவரிடம் முன்பே எண்ணைக் கேட்டு வைப்பது இதற்காகத்தான். பிறகு மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். பைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது.

முப்பது நாள் தனித்தொட்டி

புதிதாக வாங்கிய மாட்டை நேராகப் பழைய மாடுகளோடு கட்டுவதில்லை. மீனுக்கும் அதே வழக்கம் வேண்டும். 40 முதல் 60 லிட்டர் தொட்டி, ஏற்கெனவே ஓடும் தொட்டியில் சில வாரம் கிடந்த ஸ்பான்ஞ் வடிகட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி குழாய்த் துண்டுகள் போதும். மணல், பாறை வேண்டாம். குறைந்தது 30 நாள் அதில் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். வெண்புள்ளி நோய்க் கிருமி ஒரு தடவை பெரிய தொட்டியில் புகுந்தால், மீன்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு இரண்டு மாதத்துக்கும் மேல் தொட்டியைக் காலியாக விட வேண்டி வரும்.

இந்த நோய்க்குத் தாமிர மருந்து கொடுப்பது உண்டு. அதற்காகத் தோட்டத்தில் மீதமிருக்கும் மயில்துத்தத்தைத் தொட்டியில் கரைக்கக் கூடாது. குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மீனுக்கென்று விற்கும் மருந்தை, தாமிர அளவைச் சோதித்துக்கொண்டே, தனித்தொட்டியில் மட்டும் பயன்படுத்த வேண்டும். இறால், நத்தை இருக்கும் தொட்டியில் தாமிரம் கூடவே கூடாது.

பூச்சிமருந்து தெளித்த கையோடு தொட்டிக்குள் கைவிடாதீர்கள். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். கொசு மருந்தையும் காற்று பம்ப் இருக்கும் அறையில் அடிக்க வேண்டாம்.

வாங்கவே கூடாதவை

கடல் குதிரை, பவளம், கடல் விசிறி, கடல் அட்டை ஆகியவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் கீழ் பாதுகாக்கப்பட்டவை. 'ரகசியமாக அனுப்புகிறோம்' என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். விற்றவர் மட்டுமல்ல, வாங்கி வைத்திருப்பவரும் சட்டத்தின் பிடியில் சிக்குவார். மன்னார் வளைகுடாவில் எடுத்த பாறைத் துண்டுகளையும் வாங்கக் கூடாது. 21 தீவுகளைக் கொண்ட அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பவளப்பாறை அழிந்தால், மீன் குஞ்சுகள் வளரும் இடம் போய், கடலோரக் குடும்பங்களின் பிழைப்பும் சேர்ந்து போகும்.

சட்டப்படி வாங்கலாம் என்றாலும், மாண்டரின், பவளப் பாலிப்புகளைத் தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் போன்றவை புதியவர்களுக்கு ஆகாது. உலர் தீவனத்தை ஏற்காமல் பட்டினியிலேயே செத்துவிடும்.

வருமானம் கிடைக்குமா?

கோமாளி மீனை வளர்த்து விற்க நினைப்பவர்கள், முதலில் ஒரு ஜோடியை ஒரு வருடம் நல்லபடியாக வைத்திருந்து பார்க்க வேண்டும். அதில் தேறியவர்களுக்கே இது தொழில். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் அலங்கார மீன் வளர்ப்புக்குப் பொதுப்பிரிவினருக்கு 40 சதவிகிதமும், பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் 60 சதவிகிதமும் மானியம் என்று வகுக்கப்பட்டது. இப்போது விண்ணப்பம் பெறுகிறார்களா என்பதை மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே செலவில் இறங்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்

எங்கள் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அதில் நிமோ வளருமா?

வளராது. நிலத்தடி உவர் நீரில் உள்ள உப்புகளின் விகிதம் கடல் நீரைப் போல இருக்காது. மரைன் சால்ட் கரைப்பதற்கும் இந்தத் தண்ணீர் ஆகாது. ஆர்.ஓ. தண்ணீரில் கரைப்பதே பாதுகாப்பானது.

கடல் சாமந்தி இல்லாமல் கோமாளி மீன் இருக்குமா?

இருக்கும். கடலில் எதிரிகளிடமிருந்து தப்பிக்க அதற்குக் கடல் சாமந்தி தேவை. தொட்டியில் எதிரி இல்லை. கடல் சாமந்தியை வளர்ப்பது மீன் வளர்ப்பதைவிடக் கடினம். புதியவர்கள் வாங்க வேண்டாம்.

மீன் வந்து இரண்டு நாளாக இரை எடுக்கவில்லை. என்ன செய்வது?

முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது இயல்பு. முதலில் அம்மோனியாவைச் சோதியுங்கள். அது பூஜ்யமாக இருந்தால், விற்பவர் கொடுத்த அதே தீவனத்தைச் சிறிதளவு போட்டுப் பாருங்கள். மிச்சத்தை அரை மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். நான்காம் நாளும் தொடவில்லை என்றால், மூச்சு வேகத்தையும் தோலையும் வீடியோ எடுத்து, மீன்வளத்துறை அலுவலரிடமோ, அருகிலுள்ள மீன்வளக் கல்லூரியிலோ காட்டுங்கள்.