மெழுகைக் குடிக்கும் காகிதம்

கார்பெட்டில் மெழுகு சொட்டிவிட்டால் ஈரத்துணியை எடுத்துத் தேய்க்கத்தான் கை போகும். பயனில்லை. பாரஃபின் மெழுகு பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகளால் ஆனது; தண்ணீரோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணியென்றால் கொதிநீரில் போட்டு மெழுகை உருக்கி எடுத்துவிடுவார்கள். கார்பெட்டை எந்த அண்டாவில் போடுவது?

முதலில் பிளாஸ்டிக் பையில் ஐஸ்கட்டியைப் போட்டு மெழுகின் மேல் வையுங்கள். குளிரில் மெழுகு நொறுங்கும் பதத்துக்கு வரும். கரண்டியின் மழுங்கிய விளிம்பால் சுரண்டினால் மேலே இருப்பது பெயர்ந்துவிடும். இழைகளுக்குள் இறங்கியதற்குத்தான் சூடும் காகிதமும்.

உருகிய மெழுகு திரியின் நுண்ணிய இடைவெளிகளில் தானாக ஏறுவதால்தான் மெழுகுவர்த்தி எரிகிறது. மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-61 கிறிஸ்துமஸ் உரைகளில், உப்புக் குவியலின் அடியில் நீல நிறக் கரைசலை ஊற்றி, அது மேலேறுவதைக் காட்டி இதைச் சிறுவர்களுக்கு விளக்கினார். பள்ளிப் பாடத்தில் வரும் நுண்புழை ஏற்றம் இதுதான். காகிதமும் செல்லுலோஸ் இழைகளின் பின்னல் என்பதால், அதுவும் ஒரு திரியைப் போலவே உறிஞ்சும்.

அச்சில்லாத பழுப்புத் தாளை விரித்து, மேலே இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், சில விநாடிகள் ஒற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை இறங்கும். மெழுகு உருக ஏறக்குறைய 50 முதல் 65 டிகிரி செல்சியஸ் போதும். மலிவான கார்பெட்டுகள் பலவும் பாலிப்ரொப்பிலீன். அது 160 டிகிரியை ஒட்டி உருகும், அதற்கு முன்பே இளகும். கம்பளிக்கு உருகும் பயமில்லை, கருகும் பயமுண்டு.

தாளில் எண்ணெய்க் கறைபோல மெழுகு பரவியதும், சூடு ஆறும் முன்பே தூக்கிவிட வேண்டும். ஆறவிட்டால் மெழுகே பசையாகித் தாளைக் கார்பெட்டோடு ஒட்டிவிடும். அப்படி ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். மேலே புதுத் தாள் வைத்து மறுபடி சூடாக்கி, இரண்டையும் சேர்த்து உரியுங்கள். மிஞ்சும் காகிதத் துணுக்குகளை நனைத்தால் ஊறி வந்துவிடும். ஆனால் மெழுகு போன பிறகே தண்ணீர். மெழுகு ஏறிய காகிதம் நனையாது.

வெள்ளை மெழுகுவர்த்தியானால் வேலை இத்தோடு முடிந்தது. சிவப்பு மெழுகு போனாலும் சாயம் நிற்கும். அதைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட வெள்ளைத் துணியால் ஒற்றலாம். கார்பெட்டின் சாயமும் சேர்ந்து வருகிறதா என்று, சோபாவுக்கு அடியில் மறைந்திருக்கும் ஓரத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.