பார வண்டிக்கு மாற்று டயர் தெரிந்தெடுக்கும் விதம்

தர்மபுரி ஜில்லாவில் டிராக்டர் வைத்திருக்கும் நிலச்சுவான்தார்கள் பெரும்பாலும் ஒரு டிரெய்லரும் வைத்திருக்கின்றனர். பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலுமுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றவும், வயலுக்குத் தொழுவுரம் கொண்டு செல்லவும் இவ்வண்டியே உதவுகிறது. ஆயினும் டிராக்டரின் இயந்திரத்திற்குக் காட்டும் சிரத்தையில் காற்பங்கும் டிரெய்லரின் டயருக்குக் காட்டப்படுவதில்லை. ஒரு டயர் கெட்டால், லாரியினின்று கழற்றிய பழைய டயர்களுள் பட்டன் உயரமாகத் தோன்றுவதும் விலை சகாயமாயிருப்பதுமான ஒன்றை வாங்கி மாட்டிவிடுதலே வழக்கமாயிருக்கிறது. நிறைபாரத்துடன் தொப்பூர்க் கணவாய் போன்ற இறக்கத்தில் இறங்கும் வண்டிக்கு அந்த டயர் வெடிக்குமாயின், நஷ்டம் டயரின் கிரயத்தோடு நில்லாது. உயிருக்கே சேதம் விளையக்கூடும். ஆகையால் மாற்று டயர் வாங்குமுன் கவனிக்க வேண்டிய விஷயங்களை இங்கே கூறுவோம்.

1. வயது

இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டிச் சக்கரத்தின் தேய்மானத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். ரப்பர் டயர் அத்தகையதன்று. வெயிலும், காற்றிலுள்ள பிராணவாயுவும், ஓஸோன் என்னும் வாயுவும் ரப்பரை நாளடைவில் கடினமாக்கி வெடிப்பு விடச் செய்கின்றன. இதைத் தடுக்கும்பொருட்டு டயர் செய்வோர் ரப்பருடன் ஒருவகை மெழுகையும் வேறு சில மருந்துகளையும் கலக்கின்றனர். சக்கரம் ஓடி டயர் நெளியும்போது இவை மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காப்பளிக்கின்றன. வண்டி ஓடாது நின்றால் இக்கசிவு குறைகிறது. அரவைக் காலத்தில் சில மாதங்கள் மட்டும் ஓடி, மற்ற மாதங்களில் களத்து மேட்டில் வெயிலில் நிற்கும் டிரெய்லரின் டயர், பட்டன் தேயுமுன்னரே உள்ளுக்குள் பலமிழப்பது இதனாலேயாம். மேனாடுகளில் படுக்கையும் சமையலறையும் அமைத்து வீடு போலவே கட்டிய மோட்டார் வண்டிகளை வைத்திருப்போரும் இதே தொல்லையை அனுபவிக்கின்றனர். அவ்வண்டிகளும் நெடுநாள் நின்று, பின்னர் நிறைபாரத்துடன் ஓடுவனவே.

டயரின் வயதை அறிவது எளிது. பக்கச்சுவரில் ஒரு சிறு நீள்வட்டக் கட்டத்துள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரத்தையும், பின்னிரண்டும் வருஷத்தையும் குறிக்கும். 0825 என்றிருந்தால் 2025-ம் வருஷத்து எட்டாவது வாரத்தில் செய்யப்பட்டதென்று கொள்க. இக்குறி ஒரு பக்கத்தில் மட்டும் இருத்தலும் உண்டு. ஆகையால் உட்பக்கத்தையும் பார்க்க வேண்டும். இலக்கங்கள் சுரண்டி அழிக்கப்பட்டிருந்தால் அந்த டயர் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். ஐந்து வருஷத்திற்கு மேற்பட்ட டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டிப் பரீக்ஷித்துக்கொள்க. பத்து வருஷமானதைப் பட்டன் எவ்வளவு மிச்சமிருப்பினும் தள்ளிவிடுதலே முறை. பக்கச்சுவரில் வெடிப்பு, வீக்கம், அல்லது உள்நூல் தெரிதல் ஆகிய குற்றங்கள் காணப்பட்டால் வயதை எண்ணிக்கொண்டிராமல் உடனே மாற்றுக.

2. பாரம்

அளவு ஒன்றாயிருப்பினும் எல்லா டயர்களும் ஒரே பாரத்தைத் தாங்கா. ஒவ்வொரு டயரும் தாங்கும் உச்ச பாரம் அதன்மேல் கிலோவாகவோ, பார எண்ணாகவோ பொறிக்கப்பட்டிருக்கும். பார எண் 121 ஆனால் 1,450 கிலோ. 130 ஆனால் 1,900 கிலோ. 135 ஆனால் 2,180 கிலோ. 140 ஆனால் 2,500 கிலோ. எண்ணையடுத்துள்ள எழுத்து வேகத்தைக் குறிக்கும். ஏ8 என்பது மணிக்கு 40 கிலோமீட்டர் ஆகும்.

உதாரணமாக, நான்கு சக்கர டிரெய்லர் ஒன்றின் சொந்த எடை 2,000 கிலோ, ஏற்றிய கரும்பு 7,000 கிலோ எனக் கொள்வோம். மொத்தம் 9,000 கிலோ. சக்கரம் ஒன்றுக்கு 2,250 கிலோ. பார எண் 135 உள்ள டயர் இதற்குப் போதாது, 140 வேண்டும். பாரம் எல்லாச் சக்கரங்களிலும் சமமாக விழுவதில்லையாதலால் கொஞ்சம் மிகுதியாகவே தெரிந்தெடுத்தல் நலம். ஆலையின் எடைமேடைச் சீட்டை எறிந்துவிடாமல் வைத்திருந்தால் இக்கணக்கைத் தாமே போட்டுக்கொள்ளலாம்.

3. ஜோடியும் ரிம்மும்

ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவும் ஒரே வகையுமான டயர்களையே போட வேண்டும். ரேடியல் டயரையும் சாதாரண நூல்கட்டு டயரையும் ஓர் அச்சில் கலக்கலாகாது. புது டயருக்குள் பழைய டியூப்பை நுழைப்பது சிக்கனமாகாது. விரிந்துபோன டியூப் மடிந்து அறுந்துவிடும். ரிம்மிலுள்ள துருவைச் சுரண்டித் துடைத்த பின்னரே டயரை ஏற்றுக. பூட்டு வளையமுள்ள ரிம்மில் காற்றடைக்கும்போது வளையத்திற்கு நேரே யாரும் நிற்கலாகாது; அது தெறித்தால் ஆளைக் கொல்லும்.

மறு ரப்பர் ஒட்டிய டயரை அடியோடு விலக்க வேண்டுவதில்லை. ஆயின் அடித்தோலின் வயதைப் பார்த்தே வாங்குக. கிழவனுக்குப் புதுச் சட்டை போட்டதனால் வாலிபம் திரும்பாது.

4. காற்றும் பாதுகாப்பும்

காற்றைக் காலையில் வண்டி ஓடுமுன் அளந்து, டயர் செய்தவர் அந்தப் பாரத்திற்குக் குறித்த அளவுக்கு அடைக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் மிகுதியாக நெளிந்து, சூடேறி, உட்பகுதி பிரிந்து வெடிக்கிறது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறிக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடலாகாது.

அரவை முடிந்ததும் டிரெய்லரைக் கட்டை கொடுத்து உயர்த்திச் சக்கரங்களின் பாரத்தை நீக்குக. டயர்களை நிழலில் வைக்க இயலாவிடில் சாக்கினாலாவது மூடுக. எண்ணெய் படவிடாதீர்கள். ஸ்டெப்னி டயரைக் கிணற்று மோட்டார் அறையில் போட்டு வைப்பதும் தவறு. மின்பொறியிலிருந்து ஓஸோன் உண்டாகி ரப்பரைக் கெடுக்கும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. பாரத்தின்மேல் கூலியாட்களை ஏற்றிச் செல்வது மோட்டார் வாகன விதிகளுக்கு மாறானது. டயர் வெடித்து வண்டி கவிழுமாயின் முதலில் மாள்பவர் அவர்களே. அரவை தொடங்குமுன் ஊரிலுள்ள டிரெய்லர்க்காரர் யாவரையும் ஒருநாள் சாவடியில் கூட்டி, தத்தம் டயர்களின் நான்கு இலக்கங்களைப் படித்துக் குறித்துக்கொள்ளச் செய்வார்களாயின், அது பெரியதோர் உபகாரமாகும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு துணியும், ஒரு சாக்குக்கட்டியும் போதும்.