ஜிப் பாயின் இரண்டு கயிறுகள்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தயாராகும் கார்கள் கப்பலேறும் சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே, 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் பாய்மரப் படகுகளும் நிற்கின்றன.

பாய்மரப் படகு வகைகளில் ஒன்று, இருவர் செலுத்தும் 420; அதன் நீளம் 4.2 மீட்டர். அதில் பாய்மரத்துக்கு முன்னாலுள்ள முக்கோணப் பாய்தான் ஜிப். ஜிப்பின் பின்மூலையிலிருந்து ஷீட் எனப்படும் இரண்டு கயிறுகள், இடமும் வலமுமாக, வளையங்கள் வழியே, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளீட்டுகளுக்கு வருகின்றன. காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கயிறே பாயை இழுத்துப் பிடிக்கும்; படகைத் திருப்பும்போது அதைத் தளர்த்தி மற்றதை இழுப்பார்கள். ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் எட்டு வடிவ முடிச்சு உண்டு. இல்லாவிட்டால் படபடக்கும் பாய் கயிற்றை வளையத்திலிருந்து உருவிக்கொண்டு போய்விடும்.

கிளீட்டைச் சற்று நின்று கவனியுங்கள். ஸ்பிரிங் வைத்த இரண்டு பல் தாடைகள். இழுத்தால் கயிறு வரும், விட்டால் கவ்விக்கொள்ளும், மேல்நோக்கிச் சுண்டினால் அந்தக் கணமே விடுபடும். அந்த விடுதலைதான் முக்கியம்! காற்று திடீரென அறையும்போது கயிறு விடுபடத் தாமதித்தால் படகு கவிழ்ந்துவிடலாம். அதனால்தான் ஷீட்டை இங்கே முடிச்சிட்டுக் கட்டுவதில்லை.

ஆனால் எல்லாப் படகுகளிலும் இரண்டு ஷீட் இருப்பதில்லை. 2018 ஆசிய விளையாட்டில் வருண் தக்கரும் கே.சி. கணபதியும் வெண்கலம் வென்ற ஃபார்ட்டி நைனர் படகில், ஜிப் தானே பக்கம் மாறிக்கொள்ளும். அதற்கு ஒரே ஷீட் போதும்.